முன்னால் போய்விட்ட நான்கு நாற்காலிகள்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். மேடை ஏறினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால், நாலு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. நாலு நாற்காலிதான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவன். "இன்னும் ஆறு வருஷம் இருக்கே சார்?" என்று எல்லோரும் கேட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பயம் வந்தால் எனக்கு முதலில் இடது காது சூடாகும். அப்புறம் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். மூன்றாவதாக ஒரு ஜோக் அடிப்பேன். நான் ஜோக் அடித்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். ஆபீசில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள்.

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். ஒரு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். அங்கே நான் தலைமை உதவியாளர். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் காலையில் பெருமாளிடம் "இன்னைக்குப் புதுசா ஒண்ணும் வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொடுக்கவில்லை.

காட்டூரில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கும் செல்வி என்ற பெண், இரண்டு பஸ் மாறி, கையில் மனுவோடு வந்து நின்றாள். சொந்த ஊர் பச்சைமலை. அவளுடைய அண்ணன் மருதையும் அண்ணி அஞ்சலையும் தொட்டியத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வாத்து மேய்க்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைத் தின்ன வாத்துக் கூட்டத்தை ஊர் ஊராக ஓட்டிப் போகிற வேலை. அப்பாவின் வைத்தியத்துக்காக வாங்கிய அட்வான்சுக்குப் போனவர்கள். நாலு வருடம் ஆகிவிட்டது. போனை அந்த வாத்துப் பட்டியின் முதலாளி, பட்டிக்காரர், வாங்கி வைத்துக்கொண்டார். அவர் அனுமதி இல்லாமல் எங்கேயும் போக முடியாது.

"அப்பா செத்ததுக்கு ரெண்டு பேரையும் விடல சார். காரியம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் அண்ணனுக்கு விஷயமே தெரியும்" என்றாள். "அந்த அட்வான்சுல நானும் சேர்த்தி சார். ரெண்டு வருஷம் நானும் மேய்ச்சேன். என்னை வெளிய அனுப்பறதுக்காக அண்ணன், 'அவ பங்குக்கும் சேர்த்து நான் இருக்கேன்'னு சொல்லிட்டாரு."

அண்ணி ஒரு டீக்கடையிலிருந்து யாருடைய போனிலோ பேசியிருக்கிறாள். வியாழக்கிழமை வாத்துகளைக் காவிரிக்கு அக்கரைக்கு ஓட்டப் போகிறார்களாம். அக்கரை வேறு மாவட்டம். அங்கே போய்விட்டால் எங்கள் அதிகாரம் செல்லாது. வேறு ஆபீஸ், வேறு மனு, முதலிலிருந்து ஆரம்பம். வாத்து அதற்குள் அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "எழுத்துல ஏதாவது ஆதாரம் வச்சிருக்கியாம்மா?"

"ஆதாரம் அவங்க காட்ட வேண்டாம் சார்." பின்னாலிருந்து குரல் வந்தது. எங்கள் கோட்டாட்சியர் மேடம். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல, நான் கொத்தடிமைன்னு ஒருத்தர் சொன்னா, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். நீங்க அவரைத்தான் கேக்கணும்."

எனக்கு அது தெரியும். பயிற்சியில் படித்ததுதான். ஆனால் இருபத்தாறு வருடமாக மேசைக்கு முன்னால் யார் நிற்கிறார்களோ அவர்களைத்தான் ஆதாரம் கேட்டுப் பழக்கம். முதலாளிகள் மேசைக்கு முன்னால் நிற்பதில்லையே, உட்காருவார்கள்.

"நாளைக்குக் காலையிலயே போறோம். யாருக்கும் சொல்லாதீங்க" என்றார் மேடம்.

"மூச்சு விட மாட்டேன் மேடம்."

தம்பி தங்கைகளே, நான் மூச்சு விடவில்லை. இது சத்தியம். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஊர்த் தலையாரிக்கு ஒரு போன் மட்டும் போட்டேன். கிராம உதவியாளர் என்று காகிதத்தில் எழுதுகிறோம், ஊரில் தலையாரிதான்.

"பெரியசாமி, நாளைக்குக் காலைல மேடம் ஆத்தோரம் வயல் பக்கம் வர்றாங்க. நாலு நாற்காலி போட்டு வை. நல்லதாப் பாத்துப் போடு, போன தடவை மாதிரி கால் உடைஞ்சது வேண்டாம். நாலு இளநியும் சொல்லி வை."

"என்ன விஷயமுங்க?"

"அதெல்லாம் ரகசியம்யா. உனக்கெதுக்கு?"

இதை நான் ரகசியத்தை உடைத்ததாக நினைக்கவே இல்லை. ஏனென்றால் நாற்காலி சொல்வது நம் துறையில் ஒரு செயலே அல்ல. கொட்டாவி மாதிரி, தானாக வரும். அதிகாரி கிளம்பினால் அவருக்கு முன்னால் நாற்காலி போய்ச் சேர வேண்டும். வெயிலில் நிற்க வைத்தால் நம் தலை போகும். இந்த ஒரு பாடத்தை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் மறந்ததே இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலை. மேடம் ஒரு மீட்டிங்குக்காகத் திருச்சியில் தங்கியிருந்தார். அவருடைய ஜீப் என்னையும் செல்வியையும் ஸ்ரீரங்கத்தில் ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் அந்தோணி, நம் ஆபீஸ் டிரைவர். குணசீலம் தாண்டியதும் மேடம் பேச்சுக் கொடுத்தார். "நீங்க ஹிஸ்டரி எம்.ஏ.யாமே சார்? இந்தச் சட்டத்துக்கெல்லாம் தாத்தா எது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எம்.ஏ. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி அது. அதை யாரும் என்னிடம் அப்புறம் கேட்டதே இல்லை.

"பிரெஞ்சுப் புரட்சி நடந்துக்கிட்டிருந்தப்ப, 1794-ல பாரிஸ் சபை அடிமை முறையை ஒழிச்சுது மேடம். அதுவும் அவங்களா மனசு வந்து செய்யல. கரீபியன் கடல்ல அவங்களுக்கு ஒரு தீவு இருந்துது. அங்க கரும்புத் தோட்டத்து அடிமைங்க மூணு வருஷம் முன்னாடியே கலகம் பண்ணி, பாதி விடுதலையை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. பாரிஸ் அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டுது."

"நம்ம ஆபீஸ் மாதிரிதான். வேலை முடிஞ்சப்புறம் ஆர்டர் வரும்" என்றார் அந்தோணி.

"அப்ப எல்லாத் தீவுலயும் விடுதலை கிடைச்சுதா?" மேடம் கேட்டார்.

"எங்க மேடம்! மொரீசியஸ் அப்ப பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துது. இந்தச் சட்டத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு பிரதிநிதிங்க கப்பல்ல போய் இறங்கினாங்க. தோட்ட முதலாளிங்க ஒண்ணுகூடி அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க."

"அரசாங்கப் பிரதிநிதியையா? அவ்வளவு சுலபமா எப்படி முடிஞ்சுது?"

"இவங்க போறதுக்கு ரொம்ப முன்னாடியே சட்டம் வந்த சேதி முதலாளிங்களுக்குப் போயிடுச்சு மேடம். தயாரா உக்காந்திருந்தாங்க. சேதி போய்ச் சேர வேண்டிய அடிமைங்களுக்குத்தான் யாரும் சொல்..."

வாக்கியம் முடியவில்லை. இடது காது சூடாகிவிட்டது.

பேனாவைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. மேடம் "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், கப்பல் கொஞ்சம் ஆடுது" என்றேன். கண்ணாடி வழியாக அந்தோணி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

முசிறி வரும்வரை நான் நடத்திய விசாரணையை எந்தக் கோர்ட்டும் நடத்தியிருக்காது. தலையாரி நல்லவன், வெளியே சொல்ல மாட்டான். நாற்காலியை எங்கிருந்து எடுப்பான்? பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுதானே இருக்கிறது? சரி, பஞ்சாயத்து ஆபீஸ். போன தடவை உடைந்தது அங்கே எடுத்த நாற்காலிதான். நான்தானே நல்லதாகப் போடு என்றேன்? 'இப்போதே சொல்லிவிடு' என்றது ஒரு மனசு. 'போய்ப் பார்க்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது' என்றது இன்னொன்று. இரண்டாவது மனசின் பேச்சைக் கேட்டேன். அதுதான் என்னை இருபத்தாறு வருடம் காப்பாற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி, அண்ணிக்கென்று வாங்கிய புதுச்சேலைப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய் இறங்கினோம். அறுத்த வயல். ஒரு வேப்பமர நிழலில் நாலு நாற்காலி. சாதாரணமானவை அல்ல, கை வைத்த, முதுகில் பூ வேலை செய்த நாற்காலிகள். எதிரே ஸ்டூலில் இளநீர். வாத்து ஒன்றுகூட இல்லை. வயல் முழுக்க இறகும் எச்சமும் கிடந்தது. மூன்று கல் அடுப்பில் சாம்பல். செல்வி ஓடிப்போய் அதில் கை வைத்தாள். "சூடா இருக்கு" என்றாள்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கும்பிட்டபடி வந்தார். "வாங்கம்மா, வாங்க. நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க. மொதல்ல இளநி சாப்பிடுங்க." அவர்தான் பட்டிக்காரர்.

மேடம் உட்காரவில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது யார் வீட்டு நாற்காலி?"

"அய்யா வீட்டுதுதாங்க" என்றான் தலையாரி, பெருமையாக. "ஊர்லயே அவர் வீட்டுலதாங்க நல்ல நாற்காலி இருக்கு."

"யார் போடச் சொன்னது?"

தலையாரி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் துரோகம் எதுவும் இல்லை. நல்லது செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். எனக்கு அப்போது மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல பொய்கள்.

"நான்தான் மேடம். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணேன். நாலு நாற்காலி, நாலு இளநி, ஆத்தோரம் வயல்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

உங்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பயப்படாமல் ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்ற பயம் உண்மையைச் சொல்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒப்புக்கொள்ளும்போது 'தப்பு நடந்துபோச்சு மேடம், மன்னிச்சிடுங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். மன்னிப்பை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மேலதிகாரி என்ன செய்வார்? எப்போது, யாரிடம், என்ன சொன்னோம் என்பதைக் கொடுங்கள். அதை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

மேடம் திட்டவில்லை. "ஆறு மணி. விடியறதுக்குள்ள வாத்து எவ்வளவு தூரம் போகும்?" என்றார்.

"ராத்திரியில ஓட்ட முடியாதும்மா" என்றாள் செல்வி. "நரி, நாய்ப் பயம். பட்டியிலதான் கிடக்கும். விடிஞ்சுதான் எழுப்பியிருப்பாங்க. ஆத்த இன்னும் தாண்டியிருக்காது."

ஓடினோம். நான் கடைசியாக ஓடியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. என் செருப்புக்கும் நினைவில்லை போலிருக்கிறது, ஒன்று வாய்க்காலில் நின்றுவிட்டது. பட்டிக்காரர் பின்னாலேயே வந்தார். கரை ஏறிப் பார்த்தால் காவிரி மணல். மணல் முழுக்க வாத்து. ஆயிரம் இருக்கும். முன்பாதி தண்ணீரில் இறங்கிவிட்டது. இடுப்பளவு நீரில் மருதை. இந்தக் கரையில் நீளக் கம்போடு அஞ்சலை. ஆற்றுக்குள் ஒரு பரிசலில் பட்டிக்காரரின் ஆள் "ஓட்டு, ஓட்டு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

மாவட்ட எல்லை ஆற்றின் நடுவில். நடுவில் என்றால் எங்கே? அங்கே யாரும் கல் நட்டு வைக்கவில்லை. மருதை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறானா, பாதி உடம்பு பக்கத்து மாவட்டமா? நான் ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். "கோட்டாட்சியர் உத்தரவு! எல்லாரும் நில்லுங்க!" என்று கத்தினேன். ஒரு வாத்தும் மதிக்கவில்லை. என்னை ஒரு மரக்கட்டையாக நினைத்து இரண்டு பக்கமும் பிரிந்து நீந்திப் போயின.

"அண்ணி!" செல்வி கரையிலிருந்து கூப்பிட்டாள்.

அஞ்சலை திரும்பினாள். செல்வியைப் பார்த்தாள். பட்டிக்காரரைப் பார்த்தாள். தண்ணீரில் ஃபைலோடு நிற்கிற என்னையும் பார்த்தாள். பிறகு கம்பைத் தாழ்த்தி, தொண்டையிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் வாத்தும் ஒரே திருப்பாகத் திரும்பி அவளிடம் வர ஆரம்பித்தன. பரிசல்காரன் என்ன கத்தியும் நிற்கவில்லை. மருதை அவற்றின் பின்னால் கரைக்கு வந்தான்.

"மருதை, யாருக்குடா பயப்படற?" பட்டிக்காரர் அன்பாகத்தான் பேசினார். "நீ நம்ம வீட்டுப் புள்ளடா. அம்மா கேக்கறாங்க பாரு, உள்ளதைச் சொல்லு."

மருதை ஈரம் சொட்ட நின்று, மணலைப் பார்த்துச் சொன்னான். "நாங்க இஷ்டப்பட்டுத்தாங்க இருக்கோம்."

இப்போது நான் எழுதப் போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. காதுச் சூடு ஒரே நொடியில் இறங்கியது. இஷ்டப்பட்டுத்தான் இருக்கிறார்கள். அப்படியானால் புகார் பொய். அப்படியானால் என் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கை தானாகப் பேனாவை எடுத்தது, 'தன் விருப்பத்தின் பேரிலேயே' என்று எழுத. எழுதியிருந்தால் அழகாக எழுதியிருப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மேடம் என் பேனாவைப் பார்த்தார். பிறகு பட்டிக்காரரைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க. நான் இவங்களோட தனியாப் பேசணும்."

"என் ஆளுங்கம்மா. நான் இல்லாம என்ன பேச்சு? ஒளிவு மறைவா?" ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பட்டிக்காரர் நகரவில்லை. மருதையின் கண்ணும் அவரை விட்டு நகரவில்லை. அவர் நிற்கும்வரை அவன் இஷ்டப்பட்டுத்தான் இருப்பான்.

காது மறுபடி சூடானது. பேனாவைப் பைக்குள் வைத்தேன். அடுத்தது ஜோக்தான்.

"அய்யா, மேடம் பெண்கள் விஷயமா ஏதோ பேசுவாங்க, நாம எதுக்கு அங்க? அவ்வளவு நல்ல நாற்காலி போட்டுட்டு, உக்கார ஆளில்லன்னா நாற்காலி கோவிச்சுக்கும். வாங்க, நானும் ஒத்தச் செருப்போட நிக்கறேன். உங்க இளநியைக் குடிச்சாத்தான் எனக்கு உசுரு வரும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். என் வேட்டி ஈரம் அவர் வேட்டியில் பட, அவர் ஒதுங்கவும் முடியாமல் கூடவே வந்தார். வேப்ப மரத்திலிருந்து ஆற்று மணல் கண்ணுக்குத் தெரியாது.

நாற்காலியில் உட்கார வைத்தேன். ஃபைலைப் பிரித்தேன். "பேருங்க? அப்பா பேரு? அவங்கப்பா பேரு? இன்ஷியல் பட்டாவுல இருக்கற மாதிரிதானுங்களா, ரேஷன் கார்டுல இருக்கற மாதிரியா?" ஒவ்வொன்றையும் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். "ஒரு நிமிஷங்க" என்று கண்ணாடியைத் துடைத்தேன். ஏழைகளைக் காக்க வைக்கும் கலையை நம் துறையில் நான் இருபத்தாறு வருடம் பழகியிருந்தேன். அதை ஒரு பணக்காரரிடம் காட்டியது அதுதான் முதல் தடவை. நன்றாகவே வேலை செய்தது.

"சம்பளப் பட்டியல் வச்சிருக்கீங்களா? அவங்களைப் போகவர விட்டதுக்கு ஏதாவது?"

"என்னங்க இது, புகார் சொன்னவங்கதானே ஆதாரம் காட்டணும்?"

"நானும் நேத்து வரைக்கும் அப்படித்தாங்க நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் இன்னொரு இளநீர் வெட்டச் சொன்னேன். மூன்று குடித்தேன். வயிறு கேள்வி கேட்டது. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அங்கே என்ன நடக்கிறதோ, மருதை மறுபடியும் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ என்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரிங்க, போகணும்னா போகட்டும். நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? ஒரு வாரம் மட்டும் இருக்கச் சொல்லுங்க. வேற ஆள் பிடிச்சுக்கறேன். ஆயிரம் உசுருங்க. அதுவும் பாவம்தானே?"

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். என் வாய் 'ஒரு வாரம்தானே' என்று சொல்லத் திறந்தேவிட்டது. அப்போது அந்த ஐந்து மார்க் கேள்வியில் நான் எழுத மறந்த ஒரு பத்தி ஞாபகம் வந்தது. ஆங்கிலேயர் தங்கள் தீவுகளில் அடிமைகளை விடுவித்தபோது, 'விடுதலைதான், ஆனால் பழைய முதலாளியிடமே இன்னும் சில வருடம் தொழில் பழகுநராக இருக்க வேண்டும்' என்று போட்டார்கள். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவன் கரும்பு வெட்டப் பழக வேண்டுமாம். அதையும் நியாயம் என்றுதான் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

"அப்ப வாத்தை யாருங்க பாக்கறது?" என்றார் அவர்.

"நீங்கதாங்க. உங்க வாத்துதானே?" என் குரல் நடுங்கியது. ஆனாலும் வந்துவிட்டது.

மேடம் மருதையையும் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள் என்பது செல்வியின் அழுத முகத்திலேயே தெரிந்தது. விடுதலைச் சான்றை அங்கேயே எழுத வேண்டும். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் 'முத்திரையாவது கொண்டு வந்தீங்களா?' என்று இருந்தது. நான் இடுப்பில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த முத்திரையை எடுத்தேன். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் மை டப்பா இரண்டு எடுத்து வந்திருந்தேன். பயந்தாங்கொள்ளியால் உலகத்துக்கு இந்த ஒரு உபகாரம் உண்டு.

பூ வேலை நாற்காலியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அஞ்சலை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை வேற ஊருக்கு மாத்திட்டா? அப்பறம் வர்றவங்க இது செல்லாதுன்னுட்டா?"

பட்டிக்காரர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது நடந்திருக்கிறது. பாரிஸ் சபை ஒழித்த அடிமை முறையை, எட்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆட்சி மறுபடியும் சட்டமாக்கியது. ஐந்தாம் வகுப்புகூடத் தாண்டாத ஒரு பெண், நான் இரண்டு வருடம் படித்ததன் சாரத்தை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

மேடம் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார். "என்னை மாத்துவாங்க. கண்டிப்பா மாத்துவாங்க. ஆனா இந்தப் பேப்பர் என் கையில இருக்கப் போறதில்ல, உங்க கையில இருக்கப் போகுது. யார் வந்தாலும் காட்டுங்க. சந்தேகம் வந்தா ஆபீசுக்கு வந்து கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை."

அஞ்சலை கையெழுத்துப் போட்டாள்.

ஜீப்பில் மேடம், அந்தோணி, செல்வி, மருதை, அஞ்சலை, அவர்களுடைய பாத்திரம், பண்டம், கோணி மூட்டை இரண்டு. எனக்கு இடம் இல்லை. "திரும்ப வண்டி அனுப்பறேன் சார்" என்றார் மேடம். அன்று அவர் எனக்குக் கொடுத்த தண்டனை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஏறப்போன அஞ்சலை இறங்கி வந்து, தன் கம்பை என்னிடம் நீட்டினாள்.

"மணல்ல அதுங்க தனியா நிக்குது சார். நாய் வந்துடும். அவருக்கு ஓட்டத் தெரியாது. பட்டிவரைக்கும் கொண்டாந்து விட்டுடுங்க. முன்னாடி மட்டும் போகாதீங்க, மிரண்டுடும். பின்னாடியே நடங்க."

ஒற்றைச் செருப்போடு ஒரு தலைமை உதவியாளரும், வெள்ளை வேட்டியில் ஒரு பட்டிக்காரரும் ஆயிரம் வாத்துக்குப் பின்னால் நடந்ததைத் தலையாரி போனில் படம் எடுத்துவிட்டான். அது வருவாய்த் துறை வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை இதுதான்.

மறுநாள் மேடம் அறிக்கை சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'அலுவலகத்திலிருந்து தகவல் முன்கூட்டியே கசிந்தது' என்ற வரியில் கொஞ்சம் நிறுத்தினார். "இதை வேற மாதிரி சொல்லலாமா சார்?" என்றார். எனக்கு ஆசைதான். "வேண்டாம் மேடம். 'தலைமை உதவியாளர் மூலம்'னு சேத்துக்கங்க" என்றேன். என் பணிப் பதிவேட்டில் இருக்கும் ஒரே கண்டிப்பு அது. நானே டைப் அடித்தது. பிழை ஒன்றும் இல்லை.

ஐந்து மாதத்தில் மேடத்தை மாற்றிவிட்டார்கள். புது அதிகாரி வந்த இரண்டாவது நாள், பிளாஸ்டிக் உறை போட்ட சான்றை எடுத்துக்கொண்டு அஞ்சலை வந்து நின்றாள். "இது இன்னும் செல்லுமா சார்?" என்றாள். செல்லும் என்றேன். அவருக்கு அடுத்தவர் வந்தபோதும் வந்தாள். அதற்கு அடுத்தவர் வந்தபோதும். காட்டூரில் நாத்தனார் வேலை பார்க்கும் கடைக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள், மருதை லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஆனாலும் பேப்பரில் அதிகாரி மாற்றம் என்று படித்தால் அன்று கடையை மூடிவிட்டு வந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் என் காது சூடாகும். செல்லும் என்று சொல்லும்போது இறங்கும்.

இப்போது நான் அந்த மேசையில் இல்லை. உங்களில் யாராவது வந்து உட்காருவீர்கள். அடுத்த மாதம் அந்த ஆபீசுக்குப் புது அதிகாரி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அஞ்சலையும் கேள்விப்பட்டிருப்பாள். ஆதாரம் கேட்காதீர்கள், ஃபைலைத் தேடாதீர்கள், 'பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்து, செல்லும் என்று சொல்லுங்கள்.

அவள் வருவதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். நல்லதாகப் பார்த்து, ஆபீஸ் நாற்காலியாகவே போடுங்கள். இதை மட்டும் முன்கூட்டியே யாருக்கு வேண்டுமானாலும் போன் பண்ணிச் சொல்லலாம்.